சிப்ஸ் அல்ல, ஸிப்!
பத்தாம் வகுப்பு மாணவி, நூம்பல்

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் எங்கள் ஆயாவுக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுநாள் காலை நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, "பேஷன்ட்டுக்கு இனிமே ஸ்மால் ஸிப்ஸ் மட்டும் குடுங்க, வேற எதுவும் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கேட்டுக் கொண்டிருந்த என் மாமா உடனே படியிறங்கினார். கால் மணி நேரம் கழித்து நூறு கிராம் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்துடன் திரும்பி வந்தார். "ஸ்மாலா இருக்கணும்னாங்களே, கடைக்காரன்கிட்ட சொல்லி சின்னச் சின்னதா பொறுக்கிப் போடச் சொன்னேன்" என்றார்.

நல்ல வேளையாக அம்மா அதைக் கண்டு தடுத்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம். ஆயாவும் சிரிக்கப் பார்த்து, தையல் வலித்ததால் நிறுத்திக் கொண்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு அது சிரிப்பாக இல்லை. மாமா படிக்காதவர் அல்லர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறவர். அவர் காதில் விழுந்தது சரியாகத்தான் விழுந்தது. நம் தமிழில் 'சி' என்ற ஓரெழுத்தே இரண்டு ஒலிக்கும் பொதுவாக இருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவலும் சிப்ஸ்தான், வாய் நனைக்கும் தண்ணீரும் சிப்ஸ்தான். அதனால் இக்கட்டுரையில் தண்ணீருக்கு மட்டும் கிரந்த எழுத்தைப் போட்டு 'ஸிப்' என்றே எழுதப் போகிறேன். தமிழாசிரியை மன்னிப்பாராக.

ஸிப் என்றால் என்ன? உதடு பாத்திரத்தின் விளிம்பில் பட, நாக்கு நனையும் அளவுக்குச் சிறிதே எடுத்து, அதை விழுங்கிய பிறகு அடுத்ததை எடுப்பது. இதில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. உதடு பட வேண்டும், அளவு சிறிதாக இருக்க வேண்டும், நடுவே இடைவெளி வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் ஆங்கிலேயர் அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். அளவு கூடி, தொண்டை 'கடக்' என்று ஒலித்தால் அது கல்ப். புட்டியைச் சாய்த்து ஒரு பெரிய இழுப்பு இழுத்தால் ஸ்விக். ஸிப்பாகவே இருந்தாலும் 'சர்ர்' என்று சத்தம் கேட்டால் ஸ்லர்ப். அது டச்சு மொழியிலிருந்து வந்தது என்கிறார்கள். ஒரே மூச்சில் உள்ளே போவது டிராஃப்ட். இச்சொல்லின் எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் யாரும் அப்படி உச்சரிக்க மாட்டார்கள், தேர்வில் கவனம். நிறுத்தாமல் பேராசையோடு குடித்தால் கஸல். விளையாட்டு மைதானத்திலிருந்து வந்ததும் நாம் எல்லோரும் செய்வது இந்தக் கடைசியைத்தான்.

ஸிப்புக்கு ஸப் என்று ஒரு அக்காள் உண்டு. அது மிகப் பழைய ஆங்கிலச் சொல். இங்கிலாந்தின் வட பகுதியிலும் ஸ்காட்லாந்திலும் இன்றும் பேச்சில் வழங்குகிறது. ஸிப் அதிலிருந்து பிரிந்த தங்கையாக இருக்கலாம் என்பது அகராதிகளின் கருத்து. சூப் என்ற சொல்லும் இவர்களுக்கு உறவுதான், பிரெஞ்சு வழியாக வந்த உறவு. வேடிக்கை என்னவென்றால், கரண்டியால் எடுத்தால் ஆங்கிலேயர் சூப்பைக் 'குடிப்பதில்லை', 'உண்கிறார்கள்'. நாமோ காபியையே 'சாப்பிடுங்க' என்று உபசரிக்கிறோம். இருவருக்கும் கணக்குச் சரியாகிவிட்டது. நம் மிளகுத் தண்ணீரை அன்றைய சென்னை வெள்ளைக்காரர்கள் 'மல்லிகடானி' என்று பெயர் மாற்றித் தங்கள் சூப் வரிசையில் சேர்த்துக் கொண்டார்கள். அது இன்றும் ஆங்கில அகராதியில் இருக்கிறது.

மருத்துவமனைக்குத் திரும்புவோம். ஏன் ஸிப் மட்டும் என்று டாக்டர் பிறகு எங்களுக்கு விளக்கினார். அறுவையின்போது கொடுக்கும் மயக்க மருந்தால் குடல் தூங்கிப் போயிருக்கும். அது மெல்லத்தான் விழிக்கும். அதற்குள் டம்ளர் நிறையத் தண்ணீர் போனால் வயிறு ஏற்றுக் கொள்ளாமல் குமட்டும், வாந்தி வரும். வாந்தியின்போது வயிறு இறுகினால் தையலுக்கு வலி. விழுங்கும் திறன் முழுதாகத் திரும்பாதிருந்தால் தண்ணீர் உணவுக் குழாயை விட்டு மூச்சுக் குழாய்க்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு. ஆகவே முதலில் ஒரு ஸிப், பத்து நிமிடம் பார்த்து இன்னொரு ஸிப். ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லி. அந்த அளவை மனதில் வைத்துக் கொள்ளுங்கள் என்றார்.

அம்மாவும் அப்படியே தேக்கரண்டியை எடுத்தார்கள். இங்கேதான் எவரும் எதிர்பாராத தடை வந்தது. ஆயா வாயை இறுக மூடிக் கொண்டார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது. "இன்னாத்துக்குடி கரண்டி? எனக்குப் பால் ஊத்துறீங்களா?" என்றார்கள். எங்கள் பக்கத்தில் உயிர் ஊசலாடும்போதுதான் சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கரண்டியால் வாயில் பால் விடுவார்கள். தாத்தாவுக்கு அப்படி ஊற்றியதைத் தன் கையால் செய்தவர் ஆயா. கட்டிலைச் சுற்றி நாங்கள் நால்வர் நின்றோம், அம்மா கையில் கரண்டி. வேறு என்ன நினைப்பார்கள்?

சரி என்று டம்ளரில் கொடுத்தோம். அதிலும் ஒரு சிக்கல். ஆயா பிறந்தது முதல் டம்ளரில் உதடு வைத்ததில்லை. அண்ணாந்துதான் குடிப்பார்கள். தவலையில் மொண்ட செம்பையும் தூக்கித்தான் குடிப்பார்கள், ஒரு சொட்டு மேலே சிந்தாது. எச்சில் படக்கூடாது என்ற பழக்கம் அது. ஆனால் அண்ணாந்து குடிப்பதில் ஸிப் என்பதே கிடையாது! தண்ணீர் மேலிருந்து கம்பிபோல விழும். தலை பின்னால் சாய்ந்திருக்கும். நிறுத்தி நிறுத்தி விழுங்க முடியாது. படுத்திருக்கும் நோயாளிக்கு அதுதான் கூடவே கூடாது. நான் யோசித்துப் பார்த்தேன். இந்த அண்ணாந்து குடித்தலுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் எனக்கு அகப்படவில்லை. அவர்கள் அப்படிக் குடிப்பதில்லை, சொல்லும் இல்லை. அதேபோல ஸிப் என்பதற்கு ஆயாவின் பேச்சில் சொல் இல்லை, ஆயா அப்படிக் குடித்ததில்லை. நர்ஸ் தமிழிலேயே சொல்லியிருந்தாலும் பாதிதான் விளங்கியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

கடைசியில் வீட்டிலிருந்து ஆயாவின் சொந்த எவர்சில்வர் டம்ளரை மாமா பஸ்ஸில் போய் எடுத்து வந்தார். "இதுல உன் எச்சில் மட்டும்தான் படும். வேற யாரும் தொட மாட்டோம். வாய் வச்சு, நாக்கு நனையற மாதிரி மட்டும் உறிஞ்சு ஆயா" என்று நான் சொன்னேன். தலையணையை உயர்த்தி முகவாயைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தோம். ஆயா சந்தேகத்தோடு என்னைப் பார்த்துவிட்டு ஒரு ஸிப் எடுத்தார்கள். சற்றுப் பொறுத்து இன்னொன்று. அன்று மாலைக்குள் அரை டம்ளர் போயிற்று. வாந்தி வரவில்லை.

ஆயாவிடம் சொல் இல்லை என்று எழுதினேனே, தமிழில் இல்லை என்று எழுதவில்லை. உட்கொள்வதற்குத் தமிழில் பன்னிரண்டு சொற்களை வரிசைப்படுத்திச் சொல்வார்கள். அவற்றில் பாதி நம் கதைக்கு உதவும். அருந்துதல் என்பது மிகச் சிறிய அளவே உட்கொள்வது. பருகுதல் நீர்ப்பொருளைச் சிறுகச் சிறுகக் குடிப்பது. உறிஞ்சுதல் வாயைக் குவித்து ஈர்ப்பது. மாந்துதல் பெருந்தாகத்தோடு மடமடவென்று குடிப்பது. கல்ப், கஸல் எல்லாம் மாந்துதலில் அடங்கிவிடும். ஸிப்புக்கு மிக அருகில் இருப்பது பருகுதல்தான். ஆனால் பருகு என்றால் இன்று மேடைப் பேச்சாக ஒலிக்கிறது. 'ஆயா, தண்ணீரைப் பருகு' என்றால் அவர்களுக்குத் தையல் பிரியும் அளவுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

வீட்டுப் பேச்சில் வேறு சொற்கள் இருக்கின்றன. ஒரு வாய், ஒரு மடக்கு, ஒரு மிடறு, ஒரு முழுங்கு. மிடறு என்றால் தொண்டை. தொண்டை ஒருமுறை அசைந்தால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு ஒரு மிடறு. ஆங்கிலத்தில் ஸ்வாலோ என்ற சொல்லும் இப்படித்தான், விழுங்குவதும் அதுவே, ஒருமுறை விழுங்கும் அளவும் அதுவே. (தகைவிலான் குருவிக்கும் அதே பெயர், ஆனால் அது வேறு குடும்பத்துச் சொல்.) வீட்டில் ஒருநாள் அளந்தும் பார்த்தேன். இருமல் மருந்துப் புட்டியின் மூடியால் அளந்து 100 மில்லி தண்ணீர் ஊற்றினேன். நான் ஸிப் ஸிப்பாகப் பத்து முறையில் முடித்தேன். என் தம்பி மூன்றே மடக்கில் முடித்துவிட்டு இன்னும் கேட்டான். ஆகவே ஒரு மடக்கு மூன்று ஸிப்புக்குச் சமம் என்பது எங்கள் வீட்டு வாய்பாடு. 'ஒரு மடக்குத்தானே' என்று நோயாளிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய அளவுகளில் ஆழாக்குக்கும் கீழே செவிடு என்று ஒன்று இருந்தது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. ஓர் ஆழாக்கு சுமார் 168 மில்லி. அப்படியென்றால் ஒரு செவிடு சுமார் 34 மில்லி, ஓர் அவுன்ஸைவிடச் சற்றே கூடுதல். ஆங்கில மருந்துக் கடைக்காரர்களிடம் அவுன்ஸுக்கும் கீழே டிராம் இருந்தது. கிரேக்கரின் டிராக்மா நாணயத்திலிருந்து வந்த பெயர். எட்டு டிராம் ஓர் அவுன்ஸ். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டியை ஒரு டிராம் என்று வைத்துக் கொண்டார்கள். ஆயாவின் சிறு வயதில் தர்மாஸ்பத்திரியில் மிக்ஸர் மருந்துப் புட்டியின் பக்கவாட்டில், வேளைக்கு எவ்வளவு என்று பல் பல்லாகக் கத்தரித்த காகிதத்தை ஒட்டிக் கொடுப்பார்களாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும். அந்தக் காகிதம் இருந்திருந்தால் எங்கள் மாமா கடைக்குப் போயிருக்க மாட்டார்.

நிப், டாட், பெக் என்று இன்னும் சில சிற்றளவுச் சொற்கள் அகராதியில் உள்ளன. அவை மதுவைச் சேர்ந்தவை. பள்ளி மலரில் அவற்றுக்கு அதிக இடம் கேட்டால் கிடைக்காது. ஒரு செய்தி மட்டும்: பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளுக்குத் தினமும் அளந்து கொடுத்த ரம் ஒரு டாட். ஒரு பைன்ட்டில் எட்டில் ஒரு பங்கு. 1970 ஜூலை 31 அன்றோடு அதை நிறுத்திவிட்டார்கள். சிறு குழந்தையையும் ஆங்கிலத்தில் டாட் என்பார்கள் என்பது இன்னொரு வேடிக்கை.

குழந்தை என்றதும் பாலாடை நினைவுக்கு வருகிறது. மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தைச் சிலர் சங்கு என்பார்கள். அது குழந்தைக்கு ஸிப் கொடுக்கும் கருவியேதான். குறைமாதத்தில் பிறந்து, உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி இதனால் புகட்டுகிறார்கள். ஆங்கில மருத்துவ ஏடுகளில் இதற்கு வேறு பெயர் தேடாமல் 'பாலாடை' என்றே எழுதுகிறார்கள். நமக்கு ஸிப் வந்தது, அவர்களுக்குப் பாலாடை போயிற்று.

தாய்மார்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் இன்னொன்றும் எழுதுகிறேன். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதிலும் இந்த ஸிப்தான் உயிர்நாடி. 1971இல் வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தில் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்து போனபோது டாக்டர் திலீப் மகாலனபிஸ் கரைசலைப் பீப்பாய்களில் கலக்கி, உறவினர்களையே நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. இன்று கிடைக்கும் பொட்டலத்தைக் குறிப்பிட்ட அளவு தண்ணீரில், பெரும்பாலும் 1 லிட்டரில், முழுதாகக் கரைக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. பெரிய குழந்தைக்குக் கிண்ணத்திலிருந்து அடிக்கடி ஸிப். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்னைவிட மெதுவாகத் தொடர வேண்டும். தாகத்தில் தவிக்கிறதே என்று ஒரேயடியாக ஊற்றினால் அத்தனையும் வெளியே வந்துவிடும்.

தோழியருக்கு இலக்கணக் குறிப்பு ஒன்று. ஸிப் இறந்த காலத்தில் 'பி' எழுத்து இரட்டிக்கும். மறந்து ஒற்றையாக எழுதி எனக்கு அரை மதிப்பெண் போயிற்று.

ஆயா இப்போது நலம். கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து பழையபடி செம்பைத் தூக்கித்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். ஆனால் மாலை நாலு மணிக்கு மட்டும் அந்த எவர்சில்வர் டம்ளரை நீட்டி, "ஒரே ஒரு ஸிப்பு காபி குடுடி" என்று கேட்பார்கள். டம்ளர் நிறைய ஊற்றாவிட்டால் கோபம் வருகிறது.