கரம் பலகையும் ஊர் ஒற்றுமையும்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தான்தோன்றீசுவரர் திருக்கோயில் விளங்கும் ஊர் ஒட்டுசுட்டான். குரக்கன் அறுத்தபின் எஞ்சிய ஒட்டினைச் சுட்ட நிலமாதலின் இப்பெயர் வந்ததென்பர். உழுதொழில் செய்வோர் பகலெல்லாம் தத்தம் வயல்களிற் பிரிந்து நிற்பர். மாலையில் அவரை ஓரிடத்திற் சேர்ப்பவை இரண்டு: ஒன்று கோயில், மற்றொன்று சனசமூக நிலையம். நம் வடபுலத்துச் சனசமூக நிலையங்களிற் பத்திரிகை வாசிக்கும் மேசைக்கருகே பெரும்பாலும் ஒரு கரம் பலகையும் இருப்பதை யாவரும் அறிவர். அப்பலகை நட்பினை வளர்க்கும் வகையை ஈண்டு ஆராய்வாம்.

கரம் பலகையின் ஆடுபரப்பு ஏறத்தாழ 74 சென்ரிமீற்றர்ச் சதுரம். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1 ஆகக் காய்கள் 19. சிவப்பினை வீழ்த்தினால் மட்டும் போதாது. உடன் அடுத்த அடியிலேனும் தன் காய் ஒன்றை வீழ்த்தி அதனை உறுதி செய்தல் வேண்டும். தவறின், அது மீண்டும் நடுவிடம் சேரும்.

நால்வர் ஆடுங்கால், எதிரே இருப்பவன் துணைவன். இருமருங்கும் இருப்போர் எதிரணியினர். தன் காயை வீழ்த்த இயலாதபோது, துணைவனுக்கு வசதியாகக் காய்களை நிறுத்தி வைப்பவனே சிறந்த ஆட்டக்காரன். தாயத்தில் விழும் எண்ணுக்கேற்பவே காய் நகரும்; கரம் ஆட்டத்திலோ பழக்கமே பெரிது. பழக்கம் வேண்டின் நாள்தோறும் வருதல் வேண்டும். பந்தாட்டத்திற்கு இளமையும் மைதானமும் தேவை. இதற்கோ அவை வேண்டா. முதியவரும் மாணவனும், காணி உடையவரும் கூலி செய்பவரும், ஒரே உயரத்தில் அமர்ந்து ஆடலாம். சாதியையும் செல்வத்தையும் காய் அறியாது.

ஆட்டத்திற் பிணக்கு உண்டாகாதோ எனின், உண்டாகும். ஆயினும் நான்காமவன் இன்றி நால்வர் ஆட்டம் இல்லை ஆதலின், அப்பிணக்கு நெடுநாள் நில்லாது. ஒருவர் இரண்டு நாள் வாராதிருப்பின், ‘ஏன் வரவில்லை?’ என்று வினவ மூவர் உளர். நோயுற்றிருப்பின் அவர் வீட்டுக்குச் செல்வதும் அம்மூவரே.

இஃது ஒட்டுசுட்டான் போன்ற ஊர்களுக்குச் சிறிய பயன் அன்று. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளின் போரில் இவ்வட்டாரத்து மக்கள் வீடு வாசல் துறந்து இடம்பெயர்ந்தனர். முகாம்களில் வாழ்ந்து, பின்னர் மீளக் குடியமர்ந்தனர். திரும்பாதோரும் பலர், கடல் கடந்தோரும் பலர். வீட்டினைக் கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டலாம். அயலவர் உறவினை அவ்வாறு கட்டல் இயலாது. நேரே வினவினால் தம் துயரைக் கூறாதவரும், காய்களை அடுக்கும் வேளையில் ஒரு சொல் உரைப்பர். கேட்பவர் கண்ணும் பலகையின் மேல் இருப்பதால், சொல்லுதல் அவர்க்கு எளிதாகின்றது.

இவ்வெளிய பலகை உலக அரங்கிற்கும் வழிகாட்டியுள்ளது. சர்வதேச கரம் சம்மேளனம் 1988இற் சென்னையிலே தோன்றியது. அந்நகரினரான மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக வாகை சூடினார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், சென்னை ஓட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். ஆதலின் நம் ஊர்ப் பலகையிற் பெண்பிள்ளைகளுக்கும் இடம் அளித்தல் கடன்.

வாரத்தில் ஒரு மாலையையேனும் குறித்து வைத்தல், பணம் வைத்து ஆடாமை, தோற்றவர் எழுந்து காத்திருப்போர்க்கு இடம் விடுதல் ஆகிய மூன்றும் பேணப்படின், ஆட்டம் நன்கு நிலைக்கும்.

பழைய மாணவர்காள்! நம்முட் பலர் அயல்நாடுகளில் இருந்து ஊருக்குப் பொருள் அனுப்புகின்றோம். அது நன்றே. ஆயினும் பலகை ஒன்றை வாங்கி அனுப்புதல் எளிது. விடுமுறையில் ஊர் செல்லுங்கால், அப்பலகையின் ஒரு பக்கத்தில் நான்காமவராய் அமர்வீராக. ஊர் நம்மிடம் வேண்டுவது பெரிதும் அதுவே.