எண்ணெய்ப் பட்டணமும் தோல் பட்டணமும்

பாரசீக வளைகுடாவின் வடகோடியிலே குவைத் என்னும் சிறு பட்டணம் ஒன்று இருந்தது. முத்துக் குளித்தலும் மரக்கலம் கட்டுதலும் அவ்வூர் ஜனங்களின் பிழைப்பு. ஜப்பானியர் சிப்பியில் முத்து வளர்க்கும் வித்தையைக் கண்டு உலகச் சந்தையை நிரப்பிவிடவே, அப்பிழைப்பிலும் மண் விழுந்தது. குடிதண்ணீருக்கே அங்கே பஞ்சம். ஷத்-அல்-அரபு நதியிலிருந்து பாய்க்கப்பல்களில் நீர் ஏற்றி வந்து விற்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், 1938ஆம் வருஷம் பர்கான் என்னுமிடத்தில் எண்ணெய் அகப்பட்டது. உலக யுத்தம் முடிந்தபின், 1946 ஜூன் மாதத்தில் முதல் கப்பல் எண்ணெய் ஏற்றிப் புறப்பட்டது. 1957இல் பட்டணத்தைச் சூழ்ந்திருந்த மண்மதிலை, வாயில்களை மாத்திரம் நிறுத்திவிட்டு, இடித்துத் தள்ளினார்கள். மதிலுக்கு வெளியே மாளிகைகளும் சாலைகளும் பரவின. 1961 வரையில் அங்கே செலாவணியாக வழங்கியது நமது இந்திய ரூபாய் என்பதையும், 1959இல் நமது ரிசர்வ் பாங்கு வளைகுடா நாடுகளுக்கென்றே தனி நோட்டு வெளியிட்டது என்பதையும் நேயர்கள் நினைவில் வைக்கவேண்டும். நமது ரூபாய் அவர்கள் பையில் இருந்த காலம் போய், அவர்களுடைய தினாரைத் தேடி நம்மவர் கப்பலேறும் காலம் வந்துவிட்டது.

இதில் மாளிகைகளைக் கண்டு நாம் பிரமிக்கவில்லை. நமது கருத்தைக் கவர்வது வேறு ஒரு விஷயம். 1953ஆம் வருஷத்தில் அவ்வூர் ஆட்சியாளர் இரண்டு காரியங்கள் செய்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை நிறுவியது ஒன்று. எண்ணெய்ப் பணத்தில் செலவு போக மிஞ்சியதை முதலீடு செய்வதற்கென்று ஒரு போர்டை ஏற்படுத்தியது மற்றொன்று. பின்னர் 1976இல், ராஜ்ய வருமானத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் வருங்காலச் சந்ததியாருக்கென்று எடுத்து வைக்கச் சட்டமும் செய்தார்கள். எண்ணெய் ஒருநாள் வற்றும் என்பதை, அது பெருக்கெடுத்து ஓடிய காலத்திலேயே அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணெயை விற்று நீரை வாங்கினார்கள். இன்றைய லாபத்தில் நாளைக்கு ஒரு பங்கு வைத்தார்கள்.

இந்த உரைகல்லில் நமது ஊர்களை உரைத்துப் பார்ப்பதே நமது நோக்கம். ஒரே சரக்கினால் செழித்த பட்டணங்கள் நமது நாட்டிலும் உண்டு. பாலாற்றங்கரையிலும் அதன் அண்டையிலும் இருக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகியவை தோலினால் வளர்ந்தவை. 2019இல் பழைய வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தபோது இவ்வூர்கள் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று ஜில்லாக்களில் சிதறின. ஆனால் தொழிலும் ஒன்றே, ஆறும் ஒன்றே, அல்லலும் ஒன்றே.

இத்தொழில் இங்கே வேரூன்றியதற்குக் காரணங்கள் பல. ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் குறைவில்லை. பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கிடைத்தன. பாலாற்று மணலைத் தோண்டினால் நன்னீர் ஊறிற்று. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ரயில் வந்தது. பிறகு பாதை மேற்கே நீண்டது. ஆகவே ஊரிலே பதனிட்ட தோலைச் சென்னைப் பெரியமேட்டு மண்டிக்கு அனுப்பி, அங்கிருந்து சீமைக்கு ஏற்றுவது சுலபமாயிற்று. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு நமது மாகாணத்துத் தோல் ஏராளமாகப் போயிற்று. யுத்தம் முடிந்ததும் 1919இல் அன்னிய சர்க்கார் கச்சாத் தோல் ஏற்றுமதிக்கு நூற்றுக்குப் பதினைந்து வரி விதித்து, சாம்ராஜ்யத்துக்குள் போவதற்கு மட்டும் அதிலே பெரும்பகுதியைத் தள்ளிக் கொடுத்தார்கள். நமது தோலையும் சாம்ராஜ்யத்தின் சொத்தாகவே அவர்கள் கருதினார்கள் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

குரோமியத்தைக் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சென்னையில் 1903இல் சாட்டர்டன் துரை பரீட்சை செய்தார். சர்க்கார் நேரே கைத்தொழிலில் இறங்குவது தகாது என்று 1910இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு உத்தரவிட்டு அத்தகைய முயற்சிகளுக்கு முட்டுக்கட்டை போட்டார். சுதந்திரம் பெற்ற பின்னரே நிலைமை மாறியது. 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1972இல் சீதாராமய்யா கமிட்டி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை விற்பதைவிட முற்றப் பதனிட்ட தோலையும் பாதரட்சையையும் விற்பதே தேசத்துக்கு லாபம் என்று சிபாரிசு செய்தது. சர்க்காரும் அவ்வழியே சென்றனர். ஆவாரம்பட்டைக் குழிகளின் ஸ்தானத்தைக் குரோமியப் பீப்பாய்கள் பிடித்துக்கொண்டன. ஆம்பூர் என்றால் நம்மவருக்குப் பிரியாணி ஞாபகம் வரும்; ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வியாபாரிகளுக்கோ பூட்ஸ்தான் ஞாபகம் வரும்.

தோல் முதலாளிகள் தேடிய பொருளையெல்லாம் பெட்டியிலே பூட்டி வைத்தார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்வது அநியாயம். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி தோன்றியது. தோல் வர்த்தகத்தில் பொருளீட்டிய வள்ளல் அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரால் மேல்விஷாரத்தில் 1965இல் ஒரு கல்லூரி எழுந்தது. ஜாதி மத பேதமின்றிப் பிள்ளைகள் அக்கல்லூரிகளில் படித்து முன்னேறினார்கள். ஏழை முஸ்லிம்களுக்கும் ஒடுக்கப்பட்ட சகோதரருக்கும் இத்தொழில் அன்னமளித்தது. பூட்ஸ் ஆலைகளிலே ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்து குடும்பத்தைத் தாங்குகிறார்கள். காலையில் கிராமங்களிலிருந்து ஆலைப் பஸ்களில் அவர்கள் வருவதைக் கண்டவர் எவரும், இத்தொழில் ஒழியவேண்டும் என்று வாய் கூசாமல் சொல்ல முடியாது.

ஆனால் இந்தச் செல்வம் எதை விற்று வந்தது? தோலை விற்று வந்தது என்பது பாதி உண்மை. அதனோடு நீரும் விலைபோயிற்று. உப்பிட்ட தோலை ஊறவைக்க நீர், சுண்ணாம்பிலிட்டு ரோமத்தை நீக்க நீர், பதனிட நீர், சாயமேற்ற நீர். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், சுமார் 170 வகை இரசாயனங்கள் அதில் கலக்கின்றன என்றும் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. உப்பும் குரோமியமும் கலந்த அந்நீரை வயலிலும் வாய்க்காலிலும் ஆற்றிலும் விட்டார்கள். வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடக்கும் பாலாற்றில் அதை அடித்துச் செல்ல வெள்ளம் ஏது? நிலத்தடியிலே இறங்கியது, கிணறுகளிலே ஊறியது. ஜில்லாவின் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பாழாயிற்று என்று விவசாயப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டார்கள். பூட்ஸ் விற்ற பணம் பட்டணத்துக்குப் போயிற்று. கெட்ட நீர் கிராமத்துக்கு வந்தது. லாபம் ஒருவனுக்கும் நஷ்டம் மற்றொருவனுக்கும் என்று கணக்கு எழுதினால், அதற்கு வளர்ச்சி என்று பெயரிடலாமா?

இக்கேள்வியை வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் 1991இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மூவர் தீர்ப்புக் கூறினர். சுற்றுப்புறத்தைக் கெடுத்தவனே அதைச் சீர்படுத்தும் செலவையும், கஷ்டப்பட்டவருக்கு நஷ்டஈட்டையும் ஏற்கவேண்டும். தீங்கு நேருமென்று பயப்பட இடமிருந்தால், பூரண ருசு கிடைக்கும்வரை காத்திராமல் தடுக்கவேண்டும். இவ்விரு நியாயங்களும் நமது தேசச் சட்டத்தின் பாகமே என்று ஸ்தாபித்தார்கள். ஐந்து ஜில்லாக்களிலும் இருந்த தோல் சாலை ஒவ்வொன்றுக்கும் ரூ. 10,000 அபராதம் விதித்தார்கள். நஷ்டத்தை மதிப்பிட ஓர் அதிகார சபை அமைக்கவும் உத்தரவிட்டார்கள். இத்தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் பாடமாக விளங்குகிறது. வேலூரின் பெயர் அதனால் வக்கீல்கள் உலகில் புகழ் பெற்றது.

புகழ் கிணற்றைச் சுத்தமாக்குமா? அதிகார சபையார் 2001 மார்ச்சு மாதத்தில் தங்கள் முதல் முடிவை வெளியிட்டார்கள். 186 கிராமங்களில் 29,193 பேர் நஷ்டமடைந்தனர் என்றும், அவர்களுக்கு 547 தோல் சாலைகள் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்றும் கணக்கிட்டார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட ஆகாது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலம் உவர்நிலமானதற்கு இதுவா ஈடு! 2009இல் இரண்டாவது முடிவும் வந்தது. அவ்வற்பத் தொகையும் எல்லோருக்கும் சேராத நிலையில், விவகாரம் மறுபடியும் டில்லிக்குப் போயிற்று. 2025 ஜனவரி 30ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், பாக்கியிருப்போருக்கு ஆறு வாரங்களுக்குள் நஷ்டஈட்டை சர்க்கார் கொடுத்து, அதைக் கெடுத்தவரிடமிருந்து வசூலித்துக் கொள்ளவேண்டும் என்று ஆக்ஞாபித்தனர். கெட்டது சீராகும் வரையில் கெடுத்தவனின் பொறுப்பு தீராது என்றும் தெளிவாக்கினர். முதல் தீர்ப்புக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 28 ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்று கைக்குழந்தையாக இருந்தவனுக்கு இன்று கைக்குழந்தை இருக்கும். கிணற்று நீரைப் பற்றிய வழக்கு மாத்திரம் நடந்துகொண்டே இருக்கிறது.

இதற்குத் தோல் முதலாளிகள் சொல்லும் சமாதானம் நமக்குத் தெரியும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுவினோம். கழிவு நீரைத் துளியும் வெளியே விடாமல் வடித்தெடுக்கப் பெரும் பொருள் செலவிடுகிறோம் என்பார்கள். செலவிட்டது மெய்யே, நாம் மறுக்கவில்லை. ஆனால் வடித்தெடுத்த பின் மிஞ்சும் உப்பை எங்கே கொட்டுவது என்பதும் ஒரு பிரச்னையாகவே நின்றது. 2015 ஜனவரி 31ஆம் தேதி இராணிப்பேட்டைச் சிப்காட்டில், சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றைத் தேக்கிய தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அவர்களிற் பெரும்பாலார் பிழைக்க வழிதேடி வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அதே சிப்காட்டில், தோல் பதனிடக் குரோமிய உப்புச் செய்த ஓர் ஆலை 1990களில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட விஷக் கழிவை மலையாகக் குவித்துவிட்டுப் போயிற்று. மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து மண்ணிலே இறங்கியது. முதலாளி கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடலாம். விஷத்தைப் பூட்டி வைக்க முடியுமா?

குவைத்தை முழு முன்மாதிரியாக நாம் காட்டுவதாக எவரும் எண்ணவேண்டாம். 2024 ஜூன் 12ஆம் தேதி அங்கே மங்காஃப் என்னுமிடத்தில், தொழிலாளர் நெருக்கியடித்து வசித்த கட்டடத்தில் தீப்பிடித்து 45 இந்தியர் மாண்டனர். அவர்களில் எழுவர் தமிழர். எண்ணெய்ப் பட்டணமானாலும் தோல் பட்டணமானாலும், அயலூரிலிருந்து கூலிக்கு வந்தவன் உயிர் மலிவாகவே மதிக்கப்படுகிறது. ஒரே சரக்கை நம்புவதன் அபாயமும் இரண்டிடத்திலும் உண்டு. 1991இல் ஈராக்கியர் 600க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தபோது குவைத் இருண்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் நமது சரக்குகளின்மீது வரியை நூற்றுக்கு ஐம்பதாக உயர்த்தியபோது ஆம்பூர் கலங்கியது. ஆனால் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. குவைத் விற்றது தன் பூமியின் எண்ணெயை. நமது தோல் பட்டணங்கள் விலையில் சேர்க்காமல் விற்றது பக்கத்துக் கிராமத்தான் கிணற்று நீரை. ஆகவே நம்மவருக்கு முன்யோசனை மட்டும் போதாது; கடனையும் தீர்க்கவேண்டும்.

செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, நஷ்டஈட்டுக்கு உரியவர் யார், பெற்றவர் யார், பெறாதவர் யார் என்ற ஜாபிதாவைச் சர்க்கார் ஒவ்வொரு கிராமத்திலும் பஞ்சாயத்து வாசலில் ஒட்டவேண்டும். கோர்ட்டு உத்தரவு கச்சேரிக் கட்டுகளில் உறங்குவதற்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. இரண்டாவது, ஏற்றுமதி வருமானத்தில் ஒரு பங்கை வருஷந்தோறும் ஒதுக்கி, பாலாற்றையும் கிணறுகளையும் சீர்படுத்த ஒரு நிதி காணவேண்டும். அதன் நிர்வாகத்தில் முதலாளியோடு விவசாயியும் தொழிலாளியும் அமரவேண்டும். பாலைவனத்தார் பத்தில் ஒரு பங்கு எடுத்து வைத்தார்களே. ஆற்றங்கரையார் அதில் பாதியாவது வைக்கலாகாதா? மூன்றாவது, கழிவுத் தொட்டியிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் வேலை செய்வோரின் உயிருக்குச் சட்டமும் சோதனையும் காவல் நிற்கவேண்டும்.

தொண்டர்களுக்கும் இங்கே வேலை உண்டு. பொதுக்கூட்டத்தில் பேசி மாலை பெறுவது சுலபம். 186 கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று, எவர் பெயர் விட்டுப்போயிற்று என்று விசாரித்து மனு எழுதிக் கொடுப்பது சிரமம். அந்தச் சிரமத்தை ஏற்கும் இளைஞர் நூறு பேர் இந்த மூன்று ஜில்லாக்களிலும் அகப்படமாட்டார்களா? அகப்படுவார்கள் என்றே நாம் நம்புகிறோம். தோல் தொழில் வாழட்டும்; அதனால் பிழைக்கும் லட்சக்கணக்கான ஏழைகள் வாழட்டும். ஆனால் ஆற்றுக்கும் கிராமத்துக்கும் பட்ட கடனை அடைத்துவிட்டு வாழட்டும். 2001ஆம் வருஷத்துக் கணக்கில் பெயரேறி, பணம் பெறாமலே கண்மூடிய குடியானவனின் பங்கு அவன் மக்கள் கையில் சேரும் நாளே, ஆம்பூரும் வாணியம்பாடியும் வளர்ந்த ஊர்கள் என்று நாம் பெருமையோடு எழுதும் நாள்.