தலைப்பிரட்டையின் தாடையும் அந்தமான் குட்டைகளும்

தவளையின் வாய் தலையின் பின்பகுதிவரை அகன்றிருக்கும். அதன் தலைப்பிரட்டையின் வாயோ முகத்தின் நுனியில் அமைந்த சிறு துளையே. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் மண்டையோட்டின் அமைப்பாகும்.

தலைப்பிரட்டையின் மண்டையோடு பெரும்பாலும் குருத்தெலும்பாலானது. கீழ்த்தாடையைத் தாங்கும் குருத்தெலும்புத் தண்டு கண்ணுக்கு அடியில் முன்னோக்கி நீண்டிருப்பதால், தாடை மூட்டு முகத்தின் முன்பகுதியில் அமைகிறது. கீழ்த்தாடையும் மிகக் குட்டையாக இருக்கிறது. மூளையைச் சூழ்ந்த எலும்புகள் முன்னரே தோன்றுகின்றன. தாடை எலும்புகளோ பெரும்பாலும் உருமாற்றத்தின்போதே உருவாகின்றன. வால் சுருங்கும் அந்நாட்களில் தாங்கும் தண்டு பின்னோக்கிச் சாய்கிறது, கீழ்த்தாடை நீள்கிறது, மூட்டு கண்ணுக்குப் பின்னால் செல்கிறது. வாயும் இரையை விழுங்குதற்கேற்ப அகலுகிறது.

அதுவரை தலைப்பிரட்டை எவ்வாறு உண்கிறது? பல இனங்களில் குருத்தெலும்பின் மேல் கொம்புப் பொருளாலான கரிய அலகு உறைபோல் அமைந்துள்ளது. குறுவாய்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளுக்கு இவ்வலகு இல்லை. அவை நீரிலுள்ள நுண்துகள்களை வடிகட்டி உண்கின்றன.

இவ்வேறுபாடு அந்தமான் தீவுகளில் பெருங்கேட்டிற்கு இடமளித்துள்ளது. ஹாப்லோபெட்ராக்கஸ் டைகரினஸ் எனப்படும் இந்தியப் பெருந்தவளை அத்தீவுகளுக்கு உரியதன்று. 2000-ஆம் ஆண்டிற்குப் பின்னர் அங்கு பரவியது. மீன்குஞ்சுகளுடன் கலந்து வந்தமை அதற்கு ஒரு வழியெனக் கருதப்படுகிறது. அதன் தலைப்பிரட்டை வலிய அலகால் பிற தலைப்பிரட்டைகளைக் கடித்துத் தின்னும். அந்தமானிலிருந்து விவரிக்கப்பெற்ற மைக்ரோஹைலா சக்ரபாணி, கலூலா கோஷி ஆகிய இரு குறுவாய்த் தவளைகளின் தலைப்பிரட்டைகள் இதனுடன் ஒரே தொட்டியில் விடப்பட்டபோது, அவற்றுள் ஒன்றும் எஞ்சவில்லை என 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது.

களப்பணியாளர் கைக்கண்ணாடி கொண்டு தலைப்பிரட்டையின் வாயை நோக்குதல் நலம். எனினும் அலகு இருப்பது மட்டும் போதிய சான்றாகாது. தீவுகளுக்குரிய பிற தவளைகளின் தலைப்பிரட்டைகளுக்கும் அலகு உண்டு. உடலின் பருமனையும், அது பிற தலைப்பிரட்டைகளைப் பற்றி உண்பதையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும். மீன்குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் அவற்றிடையே தலைப்பிரட்டைகள் உளவா எனப் பார்த்து நீக்குதல் இன்றியமையாதது. ஆசிரியர்கள் வகுப்பிற்கென எடுத்த தலைப்பிரட்டைகளை எடுத்த குட்டையிலேயே திரும்ப விடுதல் வேண்டும். ஒரு தீவிலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டுசெல்லுதல் கூடாது.