எட்டு நாளில் ‘செம்மீன்’, இருபத்தாறு நாளில் ‘சூதாடி’... தெரியுமா?

கொச்சி மட்டாஞ்சேரி ஜூதப்பள்ளிக்குள் செருப்போடு போக முடியாது, தெரியுமா? 1568இல் கட்டிய யூத ஜெபாலயம் அது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே கால் வைத்தால், உள்ளங்காலில் சில்லென்று ஏறுகிறது சீனப் பீங்கான்! நீலமும் வெள்ளையுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகள். 18ஆம் நூற்றாண்டில் காண்டனிலிருந்து கப்பலேறி வந்தவை. எல்லாமே கையால் வரைந்தவை. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்று ஊரில் சொல்வார்கள்.

ஒரு சுவரோரம் குனிந்து ஒரே ஓட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருப்பது ஒரு மரக்கிளை. தூரிகையை அழுத்தி வைத்த இடத்தில் நீலம் தேங்கிக் கருத்திருக்கிறது. இழுத்துக்கொண்டு போகப் போக வெளிறி, நுனியில் சாயம் தீர்ந்து மயிரிழையாக நிற்கிறது. பக்கத்து ஓட்டில் மறுபடி சாயம் தோய்த்து, மறுபடி அடர்த்தியாக ஆரம்பித்திருக்கிறார் அந்தப் பெயர் தெரியாத ஓவியர். ஆயிரம் தடவை! எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஏனென்றால் என் கைப்பையில் ஏழு வருஷமாக 13ஆம் அத்தியாயத்தோடு நின்றுபோன ஒரு நாவல் இருந்தது.

அதை முடிக்கத்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறேன். பஜார் ரோட்டில் பழைய பண்டகசாலை ஒன்றின் மாடியில் அறை. கீழே சுக்கும் மிளகும் சாக்குச் சாக்காக இருக்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் முதலில் வருவது வெளிச்சமல்ல, காரம்! இந்த வாசனைக்குள் உட்கார்ந்து, நாவல்கள் எப்படி எழுதி முடிக்கப்பட்டன என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம் தாங்கவில்லை. ஒவ்வொன்றையும் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

சல்மான் ருஷ்டியின் ‘தி மூர்ஸ் லாஸ்ட் சை’ நாவலில் கொச்சியின் மிளகு வியாபாரக் குடும்பமும், நான் குனிந்து பார்த்த இதே நீல ஓடுகளும் வருகின்றன, தெரியுமா? அது வெளிவந்தது 1995இல். 1989இல் கொலை மிரட்டல் வந்து, போலீஸ் காவலில் வீடு மாறி வீடு மாறி ஒளிந்திருந்த வருஷங்களில் எழுதியது! நின்று மூச்சுவிட ஓர் இடமில்லாத மனிதர் ஒரு முழு நாவலை எழுதி முடித்திருக்கிறார். எனக்கோ மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கிறது.

கொச்சிக்காரர்களின் சொந்த நாவல் ஒன்று கேளுங்கள். என்.எஸ். மாதவன், எறணாகுளத்துக்காரர், 1948இல் பிறந்தவர். 1970இல் ‘மாத்ருபூமி’ சிறுகதைப் போட்டியில் பரிசு வாங்கி எழுத்துக்குள் வந்தார். பிறகு ஐ.ஏ.எஸ்., பீகாரில் வேலை. நடுவில் நீண்ட மௌனம். அவருடைய முதல் நாவல் ‘லந்தன்பத்தேரியிலெ லுத்தினியகள்’ எப்போது வந்தது? 2003இல்! முதல் கதைக்கும் முதல் நாவலுக்கும் நடுவே 33 வருஷம்! லந்தன் என்றால் டச்சுக்காரர், நம் பழைய தமிழில் உலாந்தாக்காரர். பத்தேரி என்றால் பீரங்கி மேடை. கொச்சிக் காயலில் அப்படி ஒரு தீவைக் கற்பனை செய்து, கப்பல் தச்சர்களையும் சவிட்டு நாடகத்தையும் பிரியாணியையும் அதில் குடியேற்றி, ஜெசிக்கா என்ற பெண்ணின் வாயால் கதை சொன்னார். ஐம்பத்தைந்து வயதில் முதல் நாவல். “இனிமேல் எங்கே” என்று பெருமூச்சு விடுகிற யாருக்கும் இந்த ஒரு தகவல் போதும் என்பது என் எண்ணம்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது.

தஸ்தயேவ்ஸ்கி ஒரு நாவலை 26 நாளில் முடித்தார், தெரியுமா? கடன் கழுத்தை நெரித்த 1865இல் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 1866 நவம்பர் 1ஆம் தேதிக்குள் புது நாவல் ஒன்று தர வேண்டும். தவறினால் அடுத்த ஒன்பது வருஷம் அவர் எழுதுகிற எல்லாவற்றையும் பதிப்பாளர் காசு கொடுக்காமல் அச்சடித்துக்கொள்ளலாம்! அந்த வருஷம் அவர் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைப் பத்திரிகைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். அக்டோபர் பிறந்துவிட்டது. புது நாவலில் ஒரு வரிகூட எழுதவில்லை.

அக்டோபர் 4ஆம் தேதி, அன்னா என்ற இருபது வயதுப் பெண் கதவைத் தட்டினார். சுருக்கெழுத்துப் படித்தவர். பகலில் தஸ்தயேவ்ஸ்கி சொல்லச் சொல்ல அன்னா குறிப்பெடுப்பார். இரவில் வீட்டுக்குப் போய் அதை விரித்து எழுதி மறுநாள் கொண்டுவருவார். எழுதிய தாள்கள் மேசையில் இருக்கும், மேலே சொல்ல வேண்டியது அவர் வாயில் இருக்கும். இப்படி 26 நாள்! ‘சூதாடி’ முடிந்தது. கொடுக்கப் போனால் பதிப்பாளர் ஊரில் இல்லை, ஆபீசில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். கெடு தீரச் சில மணி நேரமே இருக்கையில் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்து ரசீது வாங்கினார். அடுத்த பிப்ரவரியில் அன்னாவையே கல்யாணம் செய்துகொண்டார்.

சரி, ரஷ்யக் கதைக்கும் கொச்சிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது! இந்த 26 நாளை வைத்தே மலையாளத்தில் ஒரு நாவல் இருக்கிறது: பெரும்படவம் ஸ்ரீதரன் எழுதிய ‘ஒரு சங்கீர்த்தனம் போலெ’. பெரும்படவம் என்பது இதே எறணாகுளம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துக் கிராமம். 1993இல் வந்த அந்தப் புத்தகம் நூறு பதிப்புகளுக்கு மேல் கண்டது. 1996இல் வயலார் விருதும் வாங்கியது. எழுதும்போது அவர் ரஷ்யாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், யாரோ ஒருவர் நாவல் எழுதி முடித்த கதையையே நாவலாக எழுத, அதைக் கேரளமே தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறது. முடிப்பது என்பதே எத்தனை பெரிய கதை!

அன்னாவை நினைத்துக்கொண்டேயிருந்தேன். அவர் வேகமாக எழுதினார் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், அவர் தினமும் வந்தார். கதவைத் தட்டினார். அடுத்து என்ன என்று காத்திருந்தார். இந்தக் கண்ணோடு பார்த்தால் மற்ற கதைகளும் வேறு மாதிரி தெரிகின்றன.

மலையாளத்தின் புகழ்பெற்ற முதல் நாவல்களில் ஒன்றான ‘இந்துலேகா’வை ஓ. சந்து மேனன் என்றைக்கு ஆரம்பித்து என்றைக்கு முடித்தார் என்று தேதியே இருக்கிறது: 1889 ஜூன் 11இலிருந்து ஆகஸ்ட் 17 வரை. எண்ணிப் பார்த்தேன், 68 நாள்! அதுவும் பரப்பனங்காடியில் முன்சீப் உத்தியோகம் பார்த்துக்கொண்டே. இங்கிலீஷ் நாவல் கதைகளை வீட்டாருக்கு மலையாளத்தில் சொல்லிவந்தவர் அவர். ஒரு கதையை எழுத்தில் மொழிபெயர்த்துத் தரும்படி வீட்டில் நச்சரித்தார்கள். மொழிபெயர்ப்பு ஓடவில்லை, சொந்தமாகவே ஒன்று எழுதிவிடுகிறேன் என்று உட்கார்ந்தார். கேட்கக் காத்திருந்த காதுகள் இருந்தன! இன்னொரு வேடிக்கை: நம்முடைய முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதிய வேதநாயகம் பிள்ளையும் முன்சீப்தான், மாயூரத்தில்! இரண்டு மொழிக்கும் நாவல் வழக்குமன்றத்திலிருந்து நடந்து வந்திருக்கிறது.

தகழி சிவசங்கரப் பிள்ளை ‘செம்மீ’னை எட்டே நாளில் எழுதினார், தெரியுமா? கோட்டயத்தில் ஒரு விடுதி அறையில். 1956இல் புத்தகம், அடுத்த வருஷம் சாகித்ய அகாதெமி பரிசு. எட்டு நாள் என்பது பேனா பிடித்த கணக்கு மட்டுமே. அம்பலப்புழையில் வக்கீலாக இருந்து கடற்கரை ஜனங்களின் வாழ்வை வருஷக்கணக்கில் கண்டும் கேட்டும் சேர்த்துவைத்ததை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தச் ‘செம்மீ’னைத் தமிழுக்குத் தந்தவர் சுந்தர ராமசாமி. அவருடைய சொந்த நாவல் என்ன ஆயிற்று? ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1959இல் ‘சரஸ்வதி’ பத்திரிகையில் வர ஆரம்பித்தது. பத்திரிகை நின்றது. நாவலும் நின்றது! புத்தகமாக வந்தது 1966இல். வாசலில் காத்திருந்தவர் போய்விட்டால் ஏழு வருஷம் ஆகிவிடுகிறது. என் ஏழு வருஷமும் நினைவுக்கு வந்தது. நான் எழுதிக்கொண்டிருந்த நாவலைக் கேட்டுவந்த ஒரு சிற்றிதழ் நின்றுபோன அதே மாதம்தான் நானும் நின்றேன்.

இதற்கு அடங்காத ஆளும் உண்டு. ஓ.வி. விஜயன் ‘கசாக்கின் இதிகாச’த்துக்கு எடுத்துக்கொண்டது 12 வருஷம்! பாலக்காட்டுப் பக்கம் தஸ்ராக் என்ற சின்ன ஊரில் பிறந்த கதை, 1968இல் தொடராகி 1969இல் புத்தகமானது. சில நாவல்கள் அப்படித்தான், பலா மரம் மாதிரி.

தோப்பில் முஹம்மது மீரான் வற்றல் மிளகாய் வியாபாரி, தெரியுமா? தேங்காய்ப்பட்டணத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். அந்த மனிதர் தமிழுக்கு ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைக் கொடுத்து, பின்னால் ‘சாய்வு நாற்காலி’க்காக 1997இல் சாகித்ய அகாதெமி பரிசும் வாங்கினார். கீழே பண்டகசாலையில் சாக்கு எடை போடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். சரக்கைக் கைமாற்றிக்கொண்டே பக்கங்களைச் சேர்த்தவர்.

முடியாமல் போனவையும் இருக்கின்றன. சந்து மேனனின் இரண்டாவது நாவல் ‘சாரதா’வின் முதல் பாகம் 1892இல் வந்தது. 1899இல் அவர் இறந்துபோனார், கதை பாதியில் நின்றது. கல்கி 1954 டிசம்பர் 5ஆம் தேதி மறைந்தபோது ‘அமரதாரா’ பாதியில் இருந்தது. அதை முடித்து வைத்தவர் அவர் மகள் ஆனந்தி! அப்பாவின் வாக்கியத்துக்குப் பக்கத்தில் தன் வாக்கியத்தை வைக்க அந்தப் பெண்ணின் கை எப்படி நடுங்கியிருக்கும்! கொச்சியிலும் இதுபோல் ஒன்று உண்டு. நாவல் அல்ல, ‘ஹோர்த்தூஸ் மலபாரிகூஸ்’ என்ற தாவர நூல். டச்சுக் கவர்னர் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் சொல்லச் சொல்லத் தொகுப்பித்தது. 1678இலிருந்து 1693 வரை 12 தொகுதிகள்! வான் ரீட் இறந்தது 1691இல். கடைசித் தொகுதி அச்சாகி வந்தபோது பார்க்க அவர் இல்லை.

முடித்தே தீருவது என்று கிளம்பியவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1999இல் 21 பேர் கூடி, ஒரே மாதத்தில் 50,000 வார்த்தை எழுதி நாவலின் முதல் வரைவை முடிப்பது என்று சபதம் போட்டார்கள். அது உலகம் முழுக்கப் பரவி லட்சக்கணக்கானவர்கள் நவம்பர் மாதமெல்லாம் எழுதினார்கள். நடத்திய அமைப்பு 2025இல் மூடிவிட்டது, கணக்கு மட்டும் இருக்கிறது: நாளுக்கு 1,667 வார்த்தை. தமிழுக்கு அந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. ‘வந்துகொண்டிருந்தவளுக்கு’ என்பது நமக்கு ஒரே வார்த்தை! இங்கிலீஷில் அதற்கு அரை வரி வேண்டும். அதனால் வார்த்தை எண்ணுவதை விட்டுவிட்டுப் பக்கம் எண்ணுகிறேன். கையால் மூன்று பக்கம், தினமும்.

தினமும் என்றால் எப்படி? ஜெயமோகன் ‘வெண்முர’சை 2014 ஜனவரி 1இல் தொடங்கி 2020 ஜூலையில் முடித்தார். 26 நாவல்கள், பல ஆயிரம் பக்கங்கள்! நாவலுக்கும் நாவலுக்கும் நடுவே சின்ன இடைவெளி விட்டு, மற்றபடி நாளுக்கு ஓர் அத்தியாயம். விடிந்தால் படிக்க ஆள் காத்திருந்தார்கள்.

என் நாவலையும் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து ஆட்டோவில் ஏறினால் சீக்கிரம் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்திலுள்ள தோபி கானா வந்துவிடும். அங்கே துணி வெளுக்கிறவர்கள் தமிழர்கள்! டச்சுக்காரர்கள் தங்கள் பட்டாளத்துத் துணி துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த வண்ணார்களின் வம்சம் என்று சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கேரளத்தில் இருந்தும் வீட்டுக்குள் தமிழ். கிளிப் இல்லாமல் இரண்டு கயிற்றை முறுக்கி, அந்த முறுக்கில் துணி முனையைச் செருகிக் காயப்போடுகிறார்கள். காற்றடித்தாலும் விழுவதில்லை. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு கிழவிதான் என் கதை. பதிமூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறாள், ஏழு வருஷமாக.

எனக்கு ஓர் அன்னா கிடைத்துவிட்டார். வீட்டுக்கார அம்மாள், நான் ‘இத்தா’ என்று கூப்பிடுகிறவர். தமிழ் படிக்கத் தெரியாது, பேசினால் புரியும். வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன்: “இத்தா, 60 நாள். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நான் எழுதின மூணு பக்கத்தை உங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்.” அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அறுபதாவது நாளைத் தேடிப் பேனாவால் வட்டம் போட்டார். “எழுதலைன்னா?” என்று கேட்டார். “எழுதலைன்னா வந்து கதவைத் தட்டுங்க” என்றேன்.

நேற்று எட்டரை ஆகியும் நான் கீழே இறங்கவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம். கதவில் மூன்று தட்டு.

“மோளே, ஆ கெழவி இன்னைக்கு எந்து செய்து?”

இரண்டு பக்கம்தான் தேறியிருந்தது. வாசித்தேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த பேனாவின் மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது பக்கத்தை எழுத ஆரம்பித்தேன்.