கருவிக்குத் தெரியாத மிகை

மூச்சுத் திணறிக் கிடப்பவனுக்குப் பிராணவாயு கொடுக்கலாமா என்று எவரும் கேட்பதில்லை. எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்வியோ, கூடுதலாகக் கொடுத்தால் குற்றமில்லை என்ற நம்பிக்கையின் நிழலில் வெகுகாலம் உறங்கிக் கிடந்தது. 1940களில், இன்குபேட்டரில் தாராளமாகப் பிராணவாயு பெற்ற குறைமாதக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பார்வையிழந்த பின்னும், பெரியவர்கள் விஷயத்தில் அந்த நம்பிக்கை அசையவில்லை.

அதற்கு ஒரு சின்னக் கருவியும் உடந்தை. கொரோனாக் காலத்தில் நாம் விரல்நுனியில் மாட்டிக்கொண்டு கவலையோடு பார்த்த ஆக்ஸிமீட்டர், ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு பிராணவாயுவைச் சுமந்திருக்கிறது என்று சொல்லுமேயன்றி, சுமப்பாரின்றி மிஞ்சியது எவ்வளவு என்று சொல்லாது. சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரின் தமனி ரத்தத்தில் பிராணவாயுவின் அழுத்தம் ஏறக்குறைய 100 பாதரச மில்லிமீட்டர். சுத்தப் பிராணவாயுவைச் சுவாசித்தால் அது 500-ஐயும் கடக்கும். கருவியின் எண்ணோ 98-லிருந்து 100-க்கு நகர்ந்து நின்றுவிடும். நிரம்பிய குடத்தில் நீர் வார்ப்பவனுக்கு வழிவதாவது கண்ணில் படும். இங்கே வழிவதும் தெரியாது. அந்த மிகையோ ரத்தக்குழாய்களைச் சுருக்கவும் நுரையீரலைப் புண்படுத்தவும் வல்லது.

இத்தாலியின் மோதெனா நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்கு 94 முதல் 98 வரையிலும், மறு சாராருக்கு வழக்கம்போல் 97 முதல் 100 வரையிலும் அளவை நிறுத்திப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி, அங்கே இறந்தோர் முந்தைய பிரிவில் நூற்றுக்கு 11.6, பிந்தையதில் 20.2. வைத்திய உலகம் திடுக்கிட்டது. ஆனால் 660 பேரைச் சேர்க்க எண்ணிய அந்த ஆராய்ச்சி, 2012-இன் பூகம்பம் குறுக்கிட்டதால் 480 பேரோடு பாதியில் நிறுத்தப்பட்டது. பாதியில் நின்ற பரீட்சை பலனைப் பெரிதாக்கிக் காட்டுவதுண்டு என்பது புள்ளியியலார் அறிந்ததே.

அப்படியே ஆயிற்று. பிரான்சில் நுரையீரல் கடுமையாகப் பழுதுற்ற 205 பேரிடம் அளவை மிகவும் தாழ்த்திப் பார்த்தபோது, தாழ்த்திய பிரிவில் ஐவருக்குக் குடலின் ரத்த ஓட்டம் தடைப்படவே, ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். 2021-இல் 2,928 பேரிடம் நடந்த சோதனையில் 90 நாளில் இறந்தோர், குறைந்த அளவில் 42.9, கூடிய அளவில் 42.4 சதவீதம். 2025-இல், வென்டிலேட்டரிலிருந்த சுமார் 16,500 பிரிட்டிஷ் நோயாளிகளிடம், ஆக்ஸிமீட்டரின் எண் 90-ஐ இலக்காகக் கொண்டு கொடுத்ததும் வழக்கம்போல் கொடுத்ததும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன: 90 நாளில் இறந்தோர் முறையே 35.4, 34.9 சதவீதம்.

குறைத்ததால் கூடுதலாக எவரும் பிழைக்கவில்லையே என்று சலித்துக்கொள்வோர் உண்டு. சிலிண்டருக்காக ஆஸ்பத்திரி வாசல்களில் ஜனங்கள் காத்துநின்ற 2021-ஐ நேரில் பார்த்த எனக்கோ, குறைவாகக் கொடுத்தும் அதே பலன் என்பது சின்னச் செய்தியாகப் படவில்லை.