காணாமல் போன அணுக்கள் கிடைத்த கதை

‘பிரபஞ்சத்தின் காணாமல் போன பொருள் கிடைத்துவிட்டதாமே, அப்படியானால் கரும்பொருள் புதிர் தீர்ந்ததா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தீரவில்லை. கரும்பொருள் வேறு; கிடைத்திருப்பது நாமும் நட்சத்திரங்களும் ஆன சாதாரணப் பொருள். பிரபஞ்சத்தில் அது 5 சதவீதம்தான். பெருவெடிப்பின் எச்ச ஒளியிலிருந்து போட்ட கணக்குப்படி இருக்க வேண்டிய அணுக்களில் ஏறத்தாழப் பாதி, சுற்றிலும் எண்ணிப் பார்த்தபோது அகப்படவில்லை.

கேலக்ஸிகளைச் சுற்றியும் அவற்றுக்கு இடையிலும் சூடான, மிக மெல்லிய வாயுவாக அவை இருக்கலாம் என்ற சந்தேகம் பழையது. பால்வீதியைச் சூடான வாயு சூழ்ந்திருக்கும் என்று வானியலாளர் லைமன் ஸ்பிட்சர் 1956லேயே எழுதினார். ஆனால் இவ்வளவு மெல்லிய வாயு எக்ஸ்ரே தொலைநோக்கிக்கும் சரியாகத் தட்டுப்படாது. 2007இல் அறிவிக்கப்பட்ட அதிவேக ரேடியோ வெடிப்புகள்தான் வழி திறந்தன.

என்னை மயக்குவது அந்த வழிதான். தொலைதூர கேலக்ஸி ஒன்றில் சில மில்லி நொடிகளே நீடிக்கும் வெடிப்பு. எல்லா அதிர்வெண்களும் ஒன்றாகக் கிளம்புகின்றன, ஆனால் ஒன்றாக வந்து சேர்வதில்லை. கல்யாண வீட்டுத் தெருவில் இருவர் நடப்பதாக வையுங்கள். உயர் அதிர்வெண் அலை விறுவிறுவென்று போகிறவர். உறவினர் கை தூக்குவதற்குள் கடந்துவிடுவார். குறைந்த அதிர்வெண் அலை ஆற அமர நடக்கும் பெரியப்பா. ஒவ்வொருவரும் கையைப் பிடித்து நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். அந்த உறவினர்கள்தான் வாயுவின் எலெக்ட்ரான்கள். மெதுவாக அதிரும் அலைக்கு அவை நன்றாக அசைந்து கொடுக்கின்றன, அந்த அசைவே அலையைத் தாமதப்படுத்துகிறது. அதிர்வெண் பாதியானால் தாமதம் நான்கு மடங்கு. தெருமுனையில் இருவருக்கும் உள்ள நேர வித்தியாசத்தை அளந்தால், வழியில் எத்தனை உறவினர் என்று சொல்லிவிடலாம். அவர்கள் பட்டு உடுத்தியிருந்தாலும் பருத்தி உடுத்தியிருந்தாலும் எண்ணிக்கை மாறாது; அதுபோல வாயு கொதித்தாலும் ஓரளவு ஆறியிருந்தாலும் கணக்கில் வந்துவிடும். எக்ஸ்ரேயால் முடியாதது இது. ஆனால் உறவினர் ஒரே திண்ணையில் கூடியிருந்தார்களா, தெரு நெடுகப் பரவியிருந்தார்களா என்பதைப் பெரியப்பாவின் தாமதம் மட்டும் சொல்லாது.

இந்த முறையால் 2020இல் ஜான்-பியர் மக்கார்ட் குழு ஆஸ்திரேலியாவிலிருந்து மொத்தக் கணக்கை நேர் செய்தது. 2025இல் லியம் கானர் குழு 69 வெடிப்புகளைக் கொண்டு பங்கும் பிரித்தது: சுமார் 76 சதவீதம் கேலக்ஸிகளுக்கு இடையே, 15 சதவீதம் அவற்றைச் சூழ்ந்த வாயுவில், எஞ்சியது நட்சத்திரங்களிலும் குளிர்ந்த வாயுவிலும்.

‘கிடைத்துவிட்டது’ என்ற செய்தி 2017இலும் 2018இலும்கூட வேறு முறைகளின் பேரில் வந்தது. அதனால் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மொத்தக் கணக்கை நம்பலாம். ஆனால் பங்குக் கணக்கு வாயு எப்படிப் பரவியிருக்கும் என்ற கணினி மாதிரிகளின் துணையோடு வருவது. வெடிப்புகள் ஆயிரக்கணக்கில், பிறந்த கேலக்ஸியோடு அடையாளம் காணப்படும்வரை அந்த 15 சதவீதத்தை முடிந்த முடிவாகக் கொள்ளக்கூடாது.