கருக்காந்தப் பரிவும் மிகைமுனைவாக்கமும்

ஐதரசன் அணுவின் கரு ஒரு நுண்ணிய காந்தம் போல ஒழுகுவது. அதனை வலிய காந்தப் புலத்தில் வைத்து, இயைந்த அதிர்வெண்ணுடைய வானொலி அலையைச் செலுத்தினால், அக்கரு அவ்வலைக்கு விடையிறுக்கும். இதுவே கருக்காந்தப் பரிவு. 1946ஆம் ஆண்டில் பீலிக்ஸ் புளொக் என்பார் நீரிலும், எட்வேட் பேசெல் என்பார் மெழுகிலும் இதனைக் கண்டமையை வெளியிட்டனர். 1952இல் இருவரும் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். இரசாயனவியலார் மூலக்கூறுகளின் அமைப்பை அறிவதும், மருத்துவர் மூளையையும் முண்ணாணையும் படமாகக் காண்பதும் இன்று இப்பரிவினாலேயே. எனினும் இத்துணைப் பயனுடைய முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. கருக்கள் தரும் குறிப்பு மிக மெலிது.

அதன் காரணம் எளிதில் விளங்கத்தக்கது. காந்தப் புலத்தில் ஐதரசன் கருக்கள் புலத்தின் திசையிலோ எதிர்த்திசையிலோ நிற்கும். இவ்விரு நிலைகளுக்கும் இடையேயுள்ள சக்தி வேறுபாடு மிகச் சிறிது. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்பக் கொந்தளிப்போ மிகப் பெரிது. மருத்துவமனைகளிற் பெருவழக்காயுள்ள 1.5 தெசுலாக் காந்தத்தினுள் 20 இலட்சம் ஐதரசன் கருக்கள் உளவெனக் கொண்டால், ஏறக்குறைய 10,00,005 ஒருபுறமும் 9,99,995 மறுபுறமும் நிற்கும். கயிறிழுத்தற் போட்டியில் இரு கட்சியாரும் ஒத்த வலியினராயின் கயிறு அசையாதன்றோ? அவ்வாறே எதிரெதிர்க் கருக்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, எஞ்சிய பத்தே நமக்குக் குறிப்புத் தருகின்றன. உடலில் நீர் மிகுதியாதலின் படமெடுக்க அப்பத்தும் போதும். அருகிக் கிடக்கும் சிறு மூலக்கூறொன்றைத் தேடுவார்க்கு அது போதாது. காபனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பரிவு காட்டும் காபன்-13 இயற்கையில் நூற்றுக்கு ஒன்றளவே உண்டு; அதன் கருக்காந்த வலிமையும் ஐதரசனுடையதில் நாலிலொன்றே.

காந்தத்தை இருமடங்கு வலியதாக்கினால் அம்மிகுதியும் இருமடங்காகும்; அதற்கு மேல் ஆகாது. செலவோ அதனினும் விரைந்து ஏறும். வாங்கியின் உணர்திறனை மாத்திரம் கூட்டுவதாலும் கருக்கள் நிற்கும் முறை மாறுவதில்லை. பேசாதிருக்கும் கருக்களைப் பேச வைத்தலே வேண்டுவது. அவ்விரு தொகுதிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இயற்கையளவின் மேலாகப் பெருக்குதலை மிகைமுனைவாக்கம் என்பர்.

இதற்கு வழி திறந்தவர் அல்பேட் ஓவர்கவுசர். இலத்திரனும் ஒரு காந்தமே. அதன் வலிமை புரோத்தனுடையதைப் போல் ஏறத்தாழ 660 மடங்கு. உலோகமொன்றின் இலத்திரன்களை நுண்ணலைகளால் இடைவிடாது அலைத்தால், அவற்றின் ஒழுங்கு கருக்களுக்குக் கைமாறும் என 1953இல் அவர் கூறினார். வெப்பமூட்டுவது போன்ற ஒரு செயலால் ஒழுங்கு மிகும் என்பதை அத்துறையின் மூத்தோர் பலர் நம்பவில்லை. அவர்கள் ஐயுற்றது இயல்பே. ஆயின் அவ்வாண்டிலேயே காவரும் சிலிக்டரும் இலிதிய உலோகத்தில் அதனை மெய்ப்பித்துக் காட்டினர்.

தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகையளவான கடுங்குளிரில், 3.35 தெசுலாப் புலத்தில், இலத்திரன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை ஒழுங்குபட்டு நிற்கும். புரோத்தன்களில் அம்மிகுதி ஆயிரத்துக்கு மூன்றே. ஆகவே சோடியற்ற இலத்திரனுடைய சேர்வையொன்றைச் சிறு மூலக்கூறுகளோடு கலந்து உறையவைத்து, நுண்ணலையைச் செலுத்தினால் கருக்களும் ஒழுங்குபெறும். உறைந்த பண்டத்தை நோயாளிக்கு ஏற்றல் எங்ஙனம்? 2003இல் ஆடன்கியர்-லாசனும் அவருடன் உழைத்தோரும் இதற்கு விடை கண்டனர். உறைந்ததன் மேல் சூடான நீரை அழுத்தத்துடன் பாய்ச்சிச் சில விநாடிகளிற் கரைத்தெடுத்தனர். அவர்கள் எடுத்த யூரியாவின் காபன்-13 கருக்களில் முனைவாக்கம் நூற்றுக்கு 37 ஆயிற்று. குறிப்பு பதினாயிரம் மடங்குக்கு மேற் பெருகிற்று.

ஆனால் இவ்வொழுங்கு நிலையாது. கரைந்த கணந்தொட்டே தேயத் தொடங்கும். பைருவிக்கமிலத்தின் முதற் காபனில் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலானதே எஞ்சும். ஐந்து நிமிடத்தில் நூற்றிலொரு பங்கும் எஞ்சாது. இதுவே நல்ல நீடிப்பு எனப்படுவது! அக்காபனோடு ஐதரசன் நேரே பிணையாமையும், சிறு மூலக்கூறு கரைசலில் விரைந்து சுழல்வதும் இதற்குத் துணை. பெரிய மூலக்கூறுகளில் தேய்வு மிக விரைவு. மேலும், குறிப்பை வாங்குந்தோறும் ஒழுங்கு செலவாகும், செலவானது மீளாது. ஆகவே ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகவே வாங்குதல் வேண்டும்.

அந்தச் சிறு பொழுதே ஒரு மருத்துவப் பயனுக்குப் போதியதாயிற்று. புற்றுநோய்க் கலங்கள் ஒட்சிசன் இருக்கவும் குளுக்கோசை இலற்றிக்கமிலமாக்கும் என்பதை 1920களில் ஒட்டோ வார்பேர்க் கண்டிருந்தார். பைருவிக்கமிலம் அவ்வழியில் இடைப்பட்ட பொருள். இவ்வாறு ஒழுங்குபடுத்திய அதன் உப்பை, முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோயுடைய 31 பேருக்குச் சான் பிரான்சிஸ்கோவில் ஏற்றிக் கண்ட முடிவுகள் 2013இல் வெளிவந்தன. அது இலற்றிக்கமிலமாக மாறுவதை உடலினுள்ளேயே காண முடிந்தது.

மற்றொரு வழியே என் கருத்தில் மிக நுட்பமானது. ஐதரசன் வாயு இரு வகைப்படும். பரா-ஐதரசனில் இரு கருக்களின் தற்சுழற்சிகளும் ஒன்றையொன்று ஒழிக்கும். அறை வெப்பநிலையில் அது நாலிலொரு பங்கு. திரவ நைதரசனின் குளிரில், தகுந்த ஊக்கியின் மேற் செலுத்தினால் ஏறக்குறையப் பாதியாகும். பரா-ஐதரசன் தானே குறிப்பெதுவும் தராது. அதன் சமச்சீர் குலைந்தால் மறைந்திருந்த ஒழுங்கு வெளிப்படும். இரட்டைப் பிணைப்பொன்றில் அதனைச் சேர்த்து இவ்விளைவைப் பவர்ஸும் வைற்றக்காம்பும் 1987இல் காட்டினர். 2009இல் யோர்க்கில் டக்கெற் குழுவினர் அச்சேர்க்கையையும் வேண்டாதாக்கினர். இரிடிய ஊக்கியின் மேல் பரா-ஐதரசனும் பிரிடீன் போன்ற சிறு மூலக்கூறும் அருகருகே சிறிது பொழுது தங்கும், ஒழுங்கு கைமாறும், மூலக்கூறு மாற்றமின்றி விலகிச் செல்லும். சில விநாடிகளே வேண்டும். கடுங்குளிரும் பெருங்காந்தமும் வேண்டா. வாயுவை மீண்டும் செலுத்தினால் அதே மூலக்கூறு மீண்டும் ஒழுங்குபெறும். ஆயின் இரிடியத்தோடு பிணையவல்ல மூலக்கூறுகளுக்கே இம்முறை நேரடியாகப் பொருந்தும். அத்துடன் உடலில் ஏற்றுமுன் அவ்வுலோகத்தைக் கரைசலினின்று நீக்கியாக வேண்டும், அதுவும் ஒழுங்கு தேய்ந்துபோவதற்கு முன்னரே.